தஞ்சோங் ரம்புத்தானும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பேராக் மாநிலத்தில் மனநோய்க்கென ஒரு பெரிய மருத்துவமனை 1911ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஈப்போவுக்கு வடகிழக்கே, உலு கிந்தாவில், தஞ்சோங் ரம்புத்தான் என்ற சிற்றூரை ஒட்டி அது எழுந்தது. டாக்டர் வில்லியம் சாமுவல்ஸ் அதன் முதல் மருத்துவக் கண்காணிப்பாளர். அதற்கு முன்பு பேராக்கின் மனநோயாளிகள் தைப்பிங்கில் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். புதிய இடம் ஐக்கிய மலாய் மாநிலங்கள் முழுமைக்கும் பொதுவானது. ஐந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், வரிசை வரிசையாக வார்டுகள், நோயாளிகளே உழைத்துப் பயிரிட்ட காய்கறித் தோட்டம் என்று அது ஒரு தனி ஊராகவே வளர்ந்தது. பின்னாளில் மத்திய மனநல மருத்துவமனை என்றும், 1971 முதல் பஹாகியா மருத்துவமனை என்றும் பெயர் பெற்றது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. மக்கள் வாயில் என்னவோ அது இன்றுவரை தஞ்சோங் ரம்புத்தான்தான்.

இவ்வளவு அருகில் இவ்வளவு பெரிய மருத்துவமனை இருந்தும், அதைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு மனநலச் சிகிச்சை என்ற ஒன்று ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு எட்டவே இல்லை. அதற்குத் தூரம் காரணமில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்தோ செம்மோரிலிருந்தோ தஞ்சோங் ரம்புத்தான் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஒரு பிள்ளையின் தவிப்பை நோயாகக் கண்டு, சொல்லி, கூட்டிப் போக வேண்டிய பெரியவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் விடை இல்லாததே காரணம். பேராக்கில் குழந்தை மனநலத்தின் வரலாற்றை மருத்துவமனைச் சுவருக்குள் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். பெரும்பகுதி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலும், ஓராசிரியர் பள்ளியிலும், கோயில் வாசலிலும் கிடக்கிறது.

ரப்பர் மரத்துக்கும் பேராக்குக்கும் பழைய உறவு உண்டு. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. 1910ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியபோது கிந்தா, கோலகங்சார், கீழ்ப் பேராக், பத்தாங் பாடாங் வட்டாரங்களில் காடு அழிந்து தோட்டங்களாயின. அதே ஆண்டுகளில்தான் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்து, கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊரிலிருந்து உறவும் சாதியுமாகக் குடும்பங்களைக் கூட்டி வந்தார். அதனால் தோட்டங்களில் பெண்களும் பிள்ளைகளும் பெருகினார்கள்.

தோட்டத்துப் பிள்ளையின் நாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணியோடு தொடங்கியது. இருள் பிரியுமுன் தாயும் தகப்பனும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும். அதனால் தாய் கைக்குழந்தையைத் தூக்கத்திலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். ஆயா பெரும்பாலும் பால் வெட்ட முடியாத வயதான பெண். அல்லது உடல்நலம் கெட்டவள். உத்தரத்திலிருந்து தொங்கும் தூளிகளை ஒருவராகவே ஆட்டிக்கொண்டு, தவழும் பிள்ளை படியில் உருளாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீர் அதிகம் விட்ட டின் பாலைப் புகட்டிக்கொண்டு அவர் பொழுதைக் கழிப்பார். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கொட்டகையைச் சுற்றி அவர்கள் பாட்டுக்கு விளையாடுவார்கள். பேச்சு வராத பிள்ளை, ஓயாமல் தலையை ஆட்டும் பிள்ளை, யார் முகத்தையும் பார்க்காத பிள்ளை ஆகியோரை முதலில் கவனித்தவர் அந்த ஆயாதான். அவர் பார்த்ததை எழுதிவைக்க ஏடும் இல்லை, போய்ச் சொல்ல ஆளும் இல்லை.

அடுத்த படியில் நின்றவர் டிரஸர் என்ற மருத்துவ உதவியாளர். பெரிய தோட்டங்களில் சிறு ஆஸ்பத்திரி இருந்தது. சிறியவற்றில் ஒரு மருந்தறை மட்டும். மருத்துவர் எப்போதாவது சுற்றுக்கு வருவார். மற்ற நாள்களில் கொய்னா கொடுப்பது, புண் கட்டுவது, கலவை மருந்து ஊற்றுவது எல்லாம் டிரஸர் வேலை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும் கொன்று குவித்த காலத்தில், உயிரோடிருக்கும் பிள்ளையின் மனம் பற்றிக் கேட்க அவருக்குப் பயிற்சியும் இல்லை, நேரமும் இல்லை. மூளையைத் தாக்கும் மலேரியாவிலிருந்து தப்பிய குழந்தைகளில் சிலருக்கு வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறையும் தங்கிவிடும் என்பது இன்று மருத்துவம் நன்கறிந்த செய்தி. அன்று அப்படிப்பட்ட பிள்ளைக்கு லயத்தில் கிடைத்த பெயர் காக்காய் வலிப்புக்காரன் அல்லது கிறுக்கு. பிரிட்டிஷ் பேரரசின் பைத்தியக்கார விடுதிகளும் வலிப்பு நோயாளியையும், அறிவுக் குறையுள்ளவரையும், மனநோயாளியையும் ஒரே கூரையின் கீழ்தான் வைத்திருந்தன.

மூன்றாவது வாசல் கோயில். மாரியம்மனோ முனீஸ்வரரோ இல்லாத தோட்டமே கிடையாது. திடீரெனப் பேச்சை நிறுத்திய பெண்பிள்ளை, இரவில் அலறி எழும் பையன், பெரியவளான பிறகு சாப்பாட்டை ஒதுக்கும் பெண் என எல்லாருக்கும் காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்பதே முதல் கணிப்பு. பூசாரி மந்திரித்துத் திருநீறு போடுவார், வேப்பிலை அடிப்பார், கயிறு கட்டுவார். அதிலும் தீராவிட்டால் கம்பத்து மலாய் மந்திர வைத்தியரான போமோவிடம் போவார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. பிள்ளையின் துன்பத்தை ஒரு துன்பம் என்றே ஒப்புக்கொண்டு, குடும்பத்தை உட்காரவைத்துக் கேட்டவர் தோட்டத்தில் பூசாரி ஒருவர்தான். கெடுதல் நேர்ந்தது வேறிடத்தில். வலிப்புக்கும் கடும் மனச்சோர்வுக்கும் மருந்து வந்த பிறகும் பல குடும்பங்கள் கயிற்றோடு நின்றுவிட்டன.

பள்ளி நான்காவது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. வயது வரம்பு 7 முதல் 14. சட்டத்தை நிறைவேற்றுவதற்காக நடந்த பள்ளிகள் பல. ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், நான்கு வகுப்பு. சில இடங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொன்னதும் உண்டு. பத்து வயதாகிவிட்டால் பால் பிடிக்கும் மங்கு துடைக்கவும் புல் பிடுங்கவும் பிள்ளை தேவைப்பட்டான். படிப்பில் பின்தங்கியவன் ஏன் பின்தங்கினான் என்று கேட்கும் ஏற்பாடு எதுவும் அந்தப் பள்ளிக்குள் இல்லை. அடங்காதவனுக்கு ரோத்தான் பிரம்பு, அவ்வளவுதான்.

ஜப்பானியர் காலம் (1942–45) இந்த மெலிந்த ஏற்பாட்டையும் உடைத்தது. தஞ்சோங் ரம்புத்தானில் பட்டினியாலும் நோயாலும் ஏராளமான நோயாளிகள் மாண்டார்கள். தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். திரும்பாதவர்களின் பிள்ளைகள் லயங்களில் அனாதைகளாக நின்றார்கள். போர் முடிந்து மூன்றாண்டுகூட ஆகாத நிலையில், 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டின் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த அவசரகாலம் பிறந்தது. சீனக் குடியேற்றவாசிகள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டது பலருக்கும் தெரியும். தோட்டத் தொழிலாளர் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் வந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊரடங்கு, சோதனை, அரிசிப் பங்கீடு, இரவுத் துப்பாக்கிச் சத்தம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்த அச்சம் அவர்களுக்கு என்ன செய்தது என்பதை அன்று எந்த மருத்துவரும் பதிவு செய்யவில்லை.

1952ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டம் அடிப்படையில் பூட்டுகளைப் பற்றிய சட்டம். யாரை உள்ளே கொண்டுபோகலாம், யார் கையெழுத்திட வேண்டும், சொத்தை யார் பார்ப்பது என்பவையே அதன் கவலை. மருத்துவமனையில் நோயாளிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. ஐம்பதுகளில் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் வந்த பிறகு நிலைமை மெல்ல இளகியது. நாட்டின் முதல் மனநல மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் எம். மகாதேவன் தஞ்சோங் ரம்புத்தானில் பணியாற்றிய காலத்தில், அடைத்து வைக்கும் இடம் என்ற நிலையிலிருந்து குணப்படுத்தும் இடம் என்ற நிலைக்கு அதை நகர்த்தும் முயற்சிகள் நடந்தன. பொது மருத்துவமனைக்குள்ளேயே மனநலப் பிரிவு என்ற எண்ணமும் அப்போதுதான் காலூன்றியது. பினாங்கில் 1958இல் அது தொடங்கியது. ஈப்போவில் பேராக் மனநல மேம்பாட்டுச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகள் நோயாளிகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் அமைத்தன. ஆனால் இவை எல்லாவற்றிலும் நோயாளி என்றால் பெரியவர் என்றே பொருள். குழந்தை மனநலம் தனித் துறையாக நாட்டில் உருவாக இன்னும் காலம் பிடித்தது.

சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்களைத் தாக்கியவை பொருளாதாரப் புயல்கள். ஐம்பது, அறுபதுகளில் பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல். அதைத் தடுக்க 1960இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சிக்கல். பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள், குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலும் பிரிந்து கிடந்தன. பிறகு ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. எண்பது, தொண்ணூறுகளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நாடு முழுவதும் மூன்று இலட்சம் இந்தியர் தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்தார்கள் என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. பேராக்கில் அவர்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும், சிறுநகர ஓரங்களின் மலிவுவிலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

லயம் சுகமான இடமல்ல. கள்ளுக்கடையும் கடனும் அடியும் அங்கே தாராளமாக இருந்தன. இருந்தாலும் பிள்ளையின் மேல் பல கண்கள் இருந்தன. அடுக்குமாடிக்கு வந்ததும் ஆயாக் கொட்டகை போயிற்று, டிரஸர் போனார், கோயில்கூடப் பின்னால் தங்கிவிட்டது. தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றி விதி செய்த 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் வந்தபோது, அந்தத் தோட்டங்களே காலியாகிக்கொண்டிருந்தன. தாய் தொழிற்சாலையில் இரவு வேலை, தகப்பன் லாரியில். வீட்டில் பிள்ளைகள் தனியே. இந்த மாற்றம் எத்தனை பிள்ளைகளைச் சிதைத்தது என்று பிரித்துச் சொல்லும் கணக்கு கிடையாது. ஆனால் தொண்ணூறுகளிலிருந்து இந்திய இளைஞரைப் பற்றி நாளேடுகள் எழுதியதெல்லாம் குண்டர் கும்பல், பள்ளி இடைநிற்றல், தற்கொலை என்றே இருந்தது. பையனின் மனச் சிக்கல் ஒழுங்குப் பதிவேட்டுக்குப் போனது, மருத்துவக் குறிப்பேட்டுக்கு வரவில்லை.

தற்கொலையைப் பற்றிய அறிவியல் எச்சரிக்கை முன்பே வந்துவிட்டிருந்தது. பேராக்கின் எல்லையை ஒட்டிய கேமரன் மலையில் மனநல மருத்துவர் டி. மணியம் நடத்திய ஆய்வு 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்தியரிடையே, அதிலும் இளையோரிடையே, தன்னுயிரை மாய்க்கும் முயற்சிகள் மிக அதிகம் என்று அது காட்டியது. தோட்டங்களில் எளிதில் கைக்கெட்டிய களைக்கொல்லிகள் அந்த முயற்சிகளை மரணமாக்கின. அவற்றில் மிகக் கொடியதான பாராகுவாட் 2002இல் தடைசெய்யப்பட்டது, 2006இல் தடை தளர்ந்தது, 2020 ஜனவரி முதல் மீண்டும் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. கண நேர ஆத்திரத்தில் முடிவெடுக்கும் வயதுக்கு இத்தகைய தடை எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிய காவல் என்பது இலங்கையின் அனுபவம். அங்கே கொடிய பூச்சிமருந்துகளை விலக்கிய பிறகு தற்கொலை விகிதம் வெகுவாக இறங்கியது.

குழந்தை மனநலத்தைக் கணக்கெடுக்கும் பழக்கம் மலேசியாவுக்குப் புதிது. ஒரு கிராமத்தில் 1 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் கஸ்மினி காசிமும் சக மருத்துவர்களும் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில் 6.1 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. 1996இல் தேசிய உடல்நல ஆய்வு 5 முதல் 15 வயதுக்குள் 13 விழுக்காடு என்றது. 2006இல் அது 20.3, 2011இல் 20, 2015இல் 12.1, 2019இல் 7.9, 2023இல் 16.5. இந்த எண்களை வரிசையாக அடுக்கிப் பிள்ளைகள் மோசமானார்கள், தேறினார்கள், மறுபடி மோசமானார்கள் என்று கதை கட்டுவது தவறு. கேள்வித்தாளும் பதில் சொன்னவரும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை. எட்டிலிருந்து இருபது வரை ஆடும் எண்களிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது எப்போதும் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள் என்பதே. பதின்ம வயதினரை நேரடியாகக் கேட்ட ஆய்வுகள் இன்னும் கவலை தருகின்றன. 2017இல் மனச்சோர்வின் அறிகுறி காட்டியவர்கள் ஐவரில் ஒருவர். 2022இல் நால்வரில் ஒருவர்.

சேவைகள் விரிந்த கதையும் இதே முப்பது ஆண்டுக்குள் அடங்கும். 1998இல் தேசிய மனநலக் கொள்கை வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அரசு சுகாதார நிலையங்களில் மனநலச் சிகிச்சை தொடங்கியது. 2001இல் தேசிய இளையோர் உடல்நலக் கொள்கை வந்து, கிளினிக்கில் காய்ச்சலுக்கு வரும் இளைஞரிடம் வீடு, பள்ளி, போதைப்பொருள், மனநிலை பற்றியும் கேட்கும் படிவம் நடைமுறைக்கு வந்தது. 2001இலேயே நாடாளுமன்றம் மனநலச் சட்டத்தை இயற்றியது. ஆனால் அது 2010இல்தான் அமலுக்கு வந்தது. ஒன்பது ஆண்டு தாமதத்துக்குப் பிறகு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் முடிந்தது. வயது வராதவரைப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பித்துச் சேர்க்கலாம் என்று புதிய சட்டம் வழி செய்தது. மெந்தாரி என்ற சமூக மனநல நிலையங்கள் மருத்துவமனைக்கு வெளியே, கடைவீடுகளிலும் பழைய கிளினிக்குகளிலும் திறக்கப்பட்டன. பஹாகியாவின் பெரிய வாசலைத் தாண்டப் பயந்த தாய், அந்தப் பெயர்ப்பலகை இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அழைத்து வருவாள் என்பது இந்த ஏற்பாட்டின் எளிய கணக்கு. கணக்கு சரியானதே. 2022இல் ஹீல் 15555 என்ற தொலைபேசி உதவி எண் தொடங்கியது. 2023இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. அதுவரை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட பதினாறு வயதுப் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பெற்றோருக்கு போலீஸ் பயமும் சேர்ந்தே இருந்தது.

பள்ளிக்கூடத்துக் கதை இதைவிடச் சிக்கலானது. மலேசியப் பள்ளிகளில் வழிகாட்டிச் சேவை அறுபதுகளிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் வேறு பாடமும் நடத்தும் ஆசிரியர்தான் அதைக் கூடுதல் வேலையாகச் செய்தார். 1996 முதல் இடைநிலைப்பள்ளிகளில் 500 மாணவருக்கு ஒருவர் என்ற அளவில் முழுநேர ஆலோசக ஆசிரியர் அமர்த்தப்பட்டார். பிறகு தொடக்கப்பள்ளிகளுக்கும் அது விரிந்தபோது, 350 மாணவரும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர் என்று வரையறுக்கப்பட்டது. நிர்வாகத்துக்கு இது நியாயமான எண். ஆனால் நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் 150க்கும் குறைவான மாணவர் படிக்கும் சிறு பள்ளிகள். மிக அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் மாநிலம் பேராக். இங்கே 134 பள்ளிகள். அவற்றில் பல, தோட்டம் போன பிறகும் செம்பனைக்கு நடுவே தனியே நிற்பவை. இருபது முப்பது பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிகளும் உண்டு. தேவை எங்கே அடர்ந்திருந்ததோ அங்கே தலை எண்ணிக்கை குறைவாக இருந்தது. அதனால் முழுநேர ஆலோசகர் அங்கே வரவில்லை.

அந்தச் சிறு பள்ளியில் எல்லா ஆசிரியருக்கும் எல்லாப் பிள்ளையையும் தெரியும் என்பது உண்மைதான். அது ஒரு காப்பு. அந்தக் காப்பு பன்னிரண்டு வயதில் முடிந்துவிடுகிறது. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. தேர்வில் மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்கள் பல ஆண்டுக்காலம் புகுமுக வகுப்பில் கூடுதலாக ஓராண்டு அமர்ந்தார்கள். அதே வயது மலாய்ப் பிள்ளைகள் ஒரு படிவம் முன்னால் போய்விட்டார்கள். இருபது பேர் வகுப்பிலிருந்து ஆயிரம் பேர் பள்ளிக்கு, தாய்மொழியிலிருந்து வேற்றுமொழிக்கு, நடந்து போகும் தூரத்திலிருந்து பேருந்துக்கு என மூன்று மாற்றமும் ஒரே ஜனவரியில் வந்து விழுந்தன. பேராக் தோட்டப்புற மாணவரின் இடைநிற்றலைப் பற்றிப் பேசுவோர் வறுமையைத்தான் முதலில் சொல்வார்கள். இந்தத் தாவலின் அதிர்ச்சிக்கும் அதே அளவு இடம் கொடுப்பதே சரி. 1979இல் தொடங்கிய கல்வி நல ஆய்வு அறவாரியம், 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவை டியூஷன் என்ற பெயரில் செய்ததில் பாதி, பிள்ளையின் தன்னம்பிக்கையைத் தூக்கி நிறுத்தும் வேலைதான்.

மொழி மருத்துவ அறையிலும் தடையானது. பள்ளியிலும் கிளினிக்கிலும் மனநிலையை அளக்கும் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ளவை. பதின்மூன்று வயதுப் பிள்ளை மலாயில் கட்டத்தை நிரப்பிவிடும். ஆனால் நெஞ்சு படபடக்கிறது, மனசு சரியில்லை, தலை கனக்கிறது என்பதைத் தமிழில்தான் சொல்லும். பாட்டியிடம் விசாரிக்க வேண்டுமென்றால் தமிழ் அறிந்த தாதியைத் தேட வேண்டும். இதற்கு மேல் ஆவணச் சிக்கல். பிறப்புப் பத்திரமோ குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையோ இல்லாத இந்தியக் குடும்பங்களைப் பதிவு செய்ய 2011இல் மைடாஃப்தார் இயக்கம் நடந்தது. ஆவணம் இல்லாத பிள்ளைக்கு அரசுப் பள்ளியும் எளிதில் எட்டாது, குடிமக்களுக்கான மலிவுக் கட்டணமும் எட்டாது. பள்ளிக்கே வராத பிள்ளையைப் பள்ளி ஆலோசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது, மிச்சமிருந்த ஒரே வாசலும் அடைபட்டது. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்த வீடுகளில் யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்க்க ஆசிரியருக்கு வழியில்லை. அதற்குப் பின் கல்வி அமைச்சு பள்ளிகளில் மனநலச் சோதனையை விரிவாக்கியதும், ஆலோசகர் ஒருவருக்கான மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கும் பேச்சு எழுந்ததும் அந்த அனுபவத்தின் விளைவே.

இன்று ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் உலு கிந்தாவில் பஹாகியாவிலும் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணர் பிரிவில் ஐந்து ரிங்கிட். பாகான் டத்தோவிலிருந்தோ சுங்காயிலிருந்தோ வரும் குடும்பத்துக்குச் செலவு அந்த ஐந்து ரிங்கிட் அல்ல. போக வரப் பயணம், தாயின் ஒரு நாள் கூலி, பிள்ளையின் ஒரு நாள் பள்ளி, இவை மாதந்தோறும். 1923இல் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே பள்ளி வேண்டும் என்று சட்டம் எழுத முடிந்தது. சிறு தமிழ்ப்பள்ளிகளை நான்கைந்தாகச் சேர்த்து, தமிழ் பேசும் முழுநேர ஆலோசகர் ஒருவரைச் சுற்றுக்கு அமர்த்துவது அதைவிடப் பெரிய காரியமல்ல. கல்வி அமைச்சும் மாநிலக் கல்வித் துறையும் அதைச் செய்ய வேண்டும்.